அடித்தட்டில் கிடந்த மஞ்சள் மூடி

மாவு மில்லில் லோடு ஏற்ற வேண்டுமென்றால் வண்டியைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும். நெஞ்சுயரத்துக்கு ஒரு மேடை, இரண்டு பக்கமும் சுவர். ஒரே மூச்சில் உள்ளே போகிற டிரைவருக்கு மரியாதை. முன்னே பின்னே என்று ஆட்டிக்கொண்டிருந்தால் மேடையில் நிற்கிற மூட்டைக்காரர்கள் கைதட்டுவார்கள். அவளுக்கு அவர்கள் ஒருநாளும் கைதட்டியதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவள் ரிவர்ஸ் போட்டாள், எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. பிறகு அடியிலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல ஒரு குலுக்கல். அதற்கப்புறம்தான் வண்டி பின்னால் போனது.

"என்ன ஆட்டோமேட்டிக் அக்கா, உங்க வண்டி ரொம்ப யோசிக்குது?" என்றான் மூட்டைக்காரர்களில் ஒருவன்.

"நீ யோசிக்காததுக்கும் சேத்து யோசிக்குது," என்றாள்.

மற்றவர்கள் சிரித்தார்கள். லோடு மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இதோட மூணாவது தடவைம்மா. திங்கக்கிழமையும் இப்படி வாசலை அடைச்சுக்கிட்டு நின்னா நான் வேற வண்டிக்குச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதே, எனக்கு மேலயும் ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"சரிங்க," என்றாள். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலமாகவே அவள் எதையும் அப்படியும் எடுத்துக்கொள்வதில்லை, இப்படியும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆட்டோமேட்டிக் என்ற பெயர் வண்டியால் வந்தது. மில்லுக்கு வருகிற லாரிகளில் கிளட்ச் இல்லாத ஒரே லாரி அவளுடையது. கியர் தானாக மாறும். ஓட்டுகிறவருக்கு இடது காலில் வேலை இல்லை. ஆனால் அந்தப் பெயர் வண்டியோடு நிற்காமல் அவள் மேலும் ஒட்டிக்கொண்டதற்கு அவளும் ஒரு காரணம். ஏற்றினால் போவாள், இறக்கினால் திரும்புவாள். நடுவில் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியதாக யாரும் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அதே மில்லின் எடைமேடையில் அவளுக்கு வேலை. லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, வெளியே போகும்போது ஒரு எடை. அவள் புருஷனும் அன்று அப்படி வந்துபோன டிரைவர்களில் ஒருவன்தான். ஒருநாள் வண்டி இறங்கின பிறகு மேடையில் தனியாக ஏறி நின்று, தன்னையும் எடை போடச் சொல்லிக் குதித்தான். முள் அசையவே இல்லை. "லாரி நிக்கிற இடத்துல நீங்க ஒரு ஈ," என்று அவள் சொன்னதுதான் அவர்களுக்குள் முதல் பேச்சு. அதைச் சொல்லிச் சொல்லியே அவன் அவளைக் கல்யாணம் வரை கொண்டுவந்துவிட்டான். அடுத்த வருஷமே புது லாரி வாங்கினான். கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது, இனி சொகுசாக ஓட்டப்போகிறேன் என்றான். கொஞ்ச நாளில் அந்தச் சொகுசும் அலுத்துப்போய் அவன் பக்கத்து சீட்டுக்கு மாறினான். அவள் ஓட்டினாள், அவன் தூங்கினான். அவளுக்குக் கிடைத்த லைசென்சிலும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் என்றுதான் எழுதியிருந்தது. இந்த லாரியை விட்டால் அவள் ஓட்ட வேறு லாரி இல்லை.

வண்டியின் சில்லறை வேலைகளையெல்லாம் அவளே பார்த்தாள். எஞ்சின் ஆயில், பிரேக் கட்டை, பெல்ட். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. ஷெட்டில் வேறு வேலைக்காக வண்டி நிற்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். புரியாததை இரண்டாம் முறை கேட்பாள். அப்போதும் புரியாவிட்டால் வீட்டில் வந்து கழற்றிப் பார்ப்பாள். கழற்றுகிற போல்ட்டுகளை டப்பாவில் கொட்டாமல், ஒரு அட்டையில் அந்தப் பாகத்தின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவைப்பது அவள் தானாகக் கண்டுபிடித்த பழக்கம். அப்படிச் செய்தால் எதுவும் மிச்சம் விழாது, எதுவும் இடம் மாறாது.

கியர் பாக்ஸை மட்டும் அவன் தொடவிட்டதில்லை. "அதுல மட்டும் கை வெச்சுடாதே. ரொம்ப நுணுக்கம். ஆயிலு சுத்தமா இருக்கணும், இல்லன்னா உள்ளுக்குள்ளயே கருகிடும்," என்பான். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையில் குளித்துத் தலைவாரிக்கொண்டு, கியர் பாக்ஸைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துப் போவான். நகரத்தின் மறுகோடியில் தெரிந்த ஷெட் ஒன்று இருந்ததாம். வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். இப்படிப் பல வருஷம்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவன் ஒரேயடியாகப் போய்விட்டான். நகரத்தின் அந்தக் கோடியில் வேறொரு வீடு, வேறொரு பெண். வண்டியை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று தங்கையிடம் சொல்லியனுப்பினான். "இருந்தாலும் பெரிய மனசு," என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அவள் டீ போட்டுக் கொடுத்தாள். எப்போது அழுவாள் என்று பார்த்திருந்து, அழாததில் கொஞ்சம் ஏமாந்து, டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் வேண்டுமென்று அடக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. தொட்டால் தொடுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாப்பாட்டில் உப்பு கூடுதலா குறைவா என்று நாத்தனார் கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை.

நாத்தனார் என்பது அவனுடைய தங்கை. தையல் கம்பெனியில் வேலை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அண்ணன் போன பிறகும் பின்னறையிலேயே இருந்தாள். வாரத்துக்கு ஒருமுறையாவது, தட்டைக் கழுவும்போதோ துணியை மடிக்கும்போதோ, "ஏதோ புத்தி கெட்ட நேரம் அண்ணி. இப்ப வந்த மயக்கம் இப்பவே தெளிஞ்சுடும். வந்துடுவாரு," என்று சொல்வாள். அவள் "ம்" என்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் உதிரிபாகக் கடைக்குப் போனாள். அறிகுறியைக் கேட்டதுமே கடைக்காரர் தலையாட்டினார்.

"பில்டர் அடைச்சிருக்கும். ஆயில் மேல ஏற நேரம் எடுக்குது, அதான் கியர் லேட்டா விழுது. ஷெட்டுல விட்டா ஒரு வாரம் ஆகும். நீங்களே பண்ணிப்பீங்கதானே? கடைசியா எப்ப மாத்தினது?"

"அடிக்கடி மாத்தினதுதான்."

"அப்பன்னா பயமில்ல. நான் ஏன் கேக்கறேன்னா, ரொம்ப வருஷம் மாத்தாத வண்டிக்கு நான் ஆயில் குடுக்கவே யோசிப்பேன். உள்ள இருக்கற பிளேட்டெல்லாம் தேஞ்சிருக்கும். அந்தத் தேஞ்ச பொடி ஆயில்ல கலந்து, அந்த அழுக்குதான் பிளேட்டுக்குப் பிடிமானமா இருக்கும். புது ஆயில் ஊத்தினா கழுவி எடுத்துடும். நேத்து வரைக்கும் ஓடின வண்டி மறுநாள் எந்தக் கியரும் விழாம நிக்கும். அப்புறம் கியர் பாக்ஸையே தூக்கிப் போட வேண்டியதுதான்."

அவள் பில்டரையும், அதோடு வரும் ரப்பர் வளையத்தையும், கியர் பாக்ஸின் அடித்தட்டில் ஆயில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டையும், ஆயில் கேன்களையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மில்லுக்கு விடுமுறை. காலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, வீட்டுக்கு முன்னால் இருந்த சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தினாள். பின்சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்தாள். ஜாக்கியால் தூக்கி, ஜாக்கியை நம்பாமல் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகுதான் அட்டையை விரித்து அடியில் போனாள்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் காம்பவுண்டுச் சுவர்மேல் கையூன்றி நின்றார். அவர் குரலுக்காகத் தெரு முழுக்க அவரை ஹாரன் என்றே சொல்லும்.

"ஏம்மா, கியர் ஆயிலா? ஓடற வண்டியில கை வைக்காதேன்னு சொல்லுவாங்க!"

"ஓடலைங்கறதாலதான் வைக்கறேண்ணே."

"நான் என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட கியர் பாக்ஸைத் திறந்ததில்ல!"

"அதான் உங்க பஸ்ஸு வர்றதுக்கு முன்னாடி அதோட சத்தம் வருமே," என்றாள் நாத்தனார். வாளியையும் துணிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் வண்டிப் பக்கத்தில் குந்தினாள். "பயப்படாம பண்ணுங்க அண்ணி. அண்ணன் எல்லாத்துலயும் அசால்ட்டா இருந்தாலும் இதுல மட்டும் கரெக்டா இருந்தாரு. மாசம் தவறாம ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்குப் போயிடுவாரே."

"ம்," என்று அடியிலிருந்து பதில் வந்தது.

அந்தக் கியர் பாக்ஸில் ஆயிலை வடிக்கத் தனியாகத் துளை கிடையாது. அடியில் அகலமான ஒரு இரும்புத் தட்டு, சுற்றிலும் போல்ட். தட்டையே இறக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்தால் தட்டு முழு ஆயிலோடு முகத்தில் விழும். அவள் ஒரு மூலையை முழுக்க அவிழ்த்து, எதிர்மூலையை அரைகுறையாகத் தளர்த்தி, தட்டின் விளிம்பில் சுத்தியலின் மரப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினாள். பழைய கேஸ்கட் விட்டது. தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆயில் வாளிக்குள் இறங்கியது. கொஞ்சம் விளிம்பைத் தாண்டி அவள் முழங்கைவரை வழிந்தது.

"அண்ணி! சுடலையா?"

அவள் கையைப் பார்த்தாள். சிவந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் சூடுதான்," என்றாள். நாத்தனார் ஈரத்துணியை நீட்டியபோது வாங்கிப் போல்ட்டைத் துடைத்தாள்.

வாளியில் இறங்கிய ஆயில் சிவப்பாக இல்லை. புது ஆயில் மாதுளைச் சாறு போல இருக்கும். ஓடி ஓடி மங்கினாலும் ஒரு செம்மை தங்கும். இது கொதித்து அடிப்பிடித்த காபி நிறத்தில் இருந்தது, தீய்ந்த வாடையும் வந்தது. அவள் வாளியை வெளியே தள்ளிவிட்டு, தட்டை மெதுவாக இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

தட்டின் அடியில், கருத்த கசடுக்குள், ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. துணியால் துடைத்தபோது மஞ்சளாக வந்தது. கட்டைவிரல் அளவுக்கு, பாட்டிலுக்கு வைக்கும் அடைப்பான் போல.

"ஐயோ, என்னவோ உடைஞ்சு விழுந்திருக்கு அண்ணி."

அவள் நாத்தனாரை விட்டுக் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டாள். கையெல்லாம் ஆயில் என்பதால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"தட்டுக்குள்ள மஞ்சளா பிளாஸ்டிக் ஒண்ணு கிடக்குது. கார்க்கு மாதிரி. எங்கிருந்து உடைஞ்சிருக்கும்?"

கடைக்காரர் சிரித்தார். "அது உடைஞ்சதில்லம்மா, பயப்படாதீங்க. கம்பெனியில வண்டி கட்டும்போது ஆயில் அளவு பாக்கற அளவுக்கம்பி போற ஓட்டைய அடைச்சிருப்பாங்க, தூசி போகாம இருக்க. அப்புறம் குழாயைச் சொருகும்போது அந்த மூடியை உள்ளயே தள்ளி விட்டுடுவாங்க. அது பாட்டுக்கு அடியில கிடக்கும். முதல் தடவையா தட்டைத் திறக்கறவங்க கையில கிடைக்கும். தூக்கிப் போட்டுடுங்க."

"முதல் தடவையா," என்றாள் அவள்.

"ஆமா. திறக்காத வண்டியிலதான் இருக்கும்." பிறகு அவரே நிறுத்தினார். "ஏம்மா, அடிக்கடி மாத்தினதுன்னு சொன்னீங்களே?"

"அப்படித்தான் சொன்னாங்க."

ஹாரன் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். நாத்தனார் அந்த மூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எழுத்து எதுவும் இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்று அவள் தரையில் இருந்த போனிடம் குனிந்து கேட்டாள். மூடியைப் பற்றி அவளுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. ஆயில் வாளியில் இருந்தது, தட்டு தரையில் இருந்தது. திங்கட்கிழமை காலை மில்லில் நிற்க வேண்டும்.

கடைக்காரர் வழிகளை அடுக்கினார். "திறந்தாச்சு. இனி திறக்காம இருக்க முடியாது. பழைய ஆயிலையே துணியில வடிகட்டி ஊத்தலாம், அது ஒரு வழி. பில்டர் புதுசுங்கறதால கொஞ்ச நாள் ஓடும், ஆனா கருகின ஆயில், என்னைக்காவது ஒருநாள் நடுரோட்டுல விட்டுடும். இல்ல, புதுசு ஊத்தலாம். ஒண்ணு நல்லாகும், இல்ல நாளைக்கே நின்னுடும். ஒரு சமாதானம் என்னன்னா, தட்டை இறக்கினா பாதி ஆயில்தான் வரும். மீதிப் பாதி மேலயே தங்கிடும். ஒரேயடியா கழுவின மாதிரி ஆகாது. தட்டுல காந்தம் ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுல மை மாதிரி இருந்தா புதுசு ஊத்துங்க. இரும்புத் துணுக்கு இருந்தா எதை ஊத்தினாலும் ஒண்ணுதான்."

"பழசையே ஊத்தும்மா!" என்று ஹாரன் கத்தினார். "நாளைக்குப் பொழப்பு போயிடும்!"

அவள் காந்தத்தைப் பிடுங்கி எடுத்தாள். வட்டமான சிறிய காந்தம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் தடித்த பசை. ஒரு விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வழுவழுப்பு. இன்னொரு முறை வழித்தாள். வழுவழுப்பு. மூன்றாவது முறை ஏதோ நெருடியது. அதை மண்ணெண்ணெயில் கழுவி நகத்தில் வைத்து வெயிலில் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து உதிர்ந்த பொடிதான். இரும்பு இல்லை.

அவள் காந்தத்தைத் துடைத்து வைத்தாள். "புதுசுதான்," என்றாள்.

நாத்தனார் எழுந்து வீட்டு வாசல் வரை போய், போனை எடுத்து ஒரு எண்ணைத் தட்டினாள். ஸ்பீக்கரில் விரல் தவறிப் பட்டதோ, வேண்டுமென்றே போட்டாளோ தெரியாது. அதற்குள் வண்டிக்கு அடியில் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

"என்ன இந்த நேரத்துல?" என்றது அவன் குரல்.

"ஒண்ணுமில்லண்ணா. வண்டி கியர்ல கொஞ்சம் மக்கர் பண்ணுது. நீ கடைசியா எப்ப ஆயில் மாத்தினே?"

"கிளம்பறதுக்கு முந்தின மாசம்கூட மாத்தினேனே. பில்டரோட."

"பக்கத்துல நின்னு பாத்தியா?"

"பின்ன? நின்னு பாத்து, ரத்தச் சிவப்பா ஊத்தின பிறகுதான் எடுத்துட்டு வந்தேன். ஏன், அவ ஏதாச்சும் நோண்டறாளா? நுணுக்கமான வேலை, கை வைக்க வேணாம்னு சொல்லு."

"அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் அங்கதான் போனியா?"

"எங்க?"

"ஷெட்டுக்கு."

"ஆமா. வேற எங்க போவேன்? என்னடி இது, போலீஸ் மாதிரி."

"சரிண்ணா," என்று சொல்லி நாத்தனார் போனை வைத்தாள்.

சுரண்டும் சத்தம் நின்றிருக்கவில்லை. ஹாரன் சுவரைவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியில் இன்னொரு அட்டை நுழைந்தது. அதன் மேல் நாத்தனார் வந்து மல்லாந்து படுத்தாள். மஞ்சள் மூடி அவள் கையில் இல்லை.

"நான் என்ன பண்ணணும்?"

"லைட்டைப் பிடி. என் கண்ணுல இல்ல, அங்க."

பழைய பில்டரைக் கீழ்நோக்கி இழுத்ததும் வந்துவிட்டது. ஈரக் கரி மாதிரி கனத்தது. ஆனால் அதன் கழுத்தைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் மேலே துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அதை விட்டுவிட்டுப் புது வளையத்தை மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. பில்டர் உட்கார்ந்தது போலத்தான் தெரியும். ஆனால் இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சி, புது ஆயிலில் நுரை கட்டி, கியர் பாக்ஸ் கெட்டுப்போகும். அவள் ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றி, துளையின் சுவரில் கீறல் விழாதபடி வளையத்தைச் சிறிது சிறிதாக நெம்பினாள். வர மறுத்தது. கை தூக்கியே வைத்திருந்ததில் தோள் நடுங்கியது. இறக்கி ஓய்வு கொடுத்தாள், மறுபடி தூக்கினாள்.

"ஏன் அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது?"

"ஞாயித்துக்கிழமை."

வளையம் ஒரு பக்கம் மடங்கிக்கொடுத்தது. அவள் மடங்கிய இடத்தை இரண்டு விரலால் கிள்ளி இழுத்தாள். வந்துவிட்டது.

"தெரியாது," என்றாள். "தெரிஞ்சிருந்தா ஆயில் நானே மாத்தியிருப்பேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. அது பாதியிலேயே வேறு ஏதோ சத்தமாக மாறியது. லைட் ஆடியது. "நேரா பிடி," என்றாள் அவள்.

புது வளையத்தில் ஆயில் தொட்டுத் தடவி, பில்டரைத் துளைக்குள் அமுக்கி, அசையாமல் உட்கார்ந்ததா என்று ஆட்டிப் பார்த்தாள். கழுவித் துடைத்த தட்டில் காந்தத்தை அதன் இடத்தில் வைத்து, விளிம்பில் புது கேஸ்கட்டைப் பொருத்தினாள். அட்டையில் குத்திவைத்திருந்த போல்ட்டுகளை நாத்தனார் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு ஸ்பானரால் எதிரெதிராக, ஒன்றுவிட்டு ஒன்றாக, மணிக்கட்டின் பலத்தோடு நிறுத்திக்கொண்டாள். தோளின் பலத்தைக் காட்டினால் தட்டின் விளிம்பு வளைந்துவிடும், வளைந்தால் காலத்துக்கும் ஒழுகும். வாளியில் எவ்வளவு வந்ததோ அதே அளவு புது ஆயிலைத் தண்ணீர் பாட்டில்களில் அளந்து, நீளமான புனலை அளவுக்கம்பிக் குழாயில் சொருகி ஊற்றினாள். ஆயில் மெல்லிய சிவப்புக் கயிறாக இறங்கியது. இருவரும் அது தீரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டியை இறக்கி மரக்கட்டைகளை எடுத்த பிறகு அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு இடத்திலும் வைத்து, கொஞ்சம் நிறுத்தி, அடுத்ததற்கு நகர்த்தினாள், ஆயில் எல்லா வழிகளிலும் ஏறுவதற்காக. பிறகு லீவரை ரிவர்ஸில் வைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

வண்டி நகரவில்லை.

நாத்தனார் வீட்டு வாசலில் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஆக்சிலேட்டரைத் தொடவில்லை. காத்திருந்தாள். எஞ்சினின் ஓட்டத்தில் ஒரு சிறு சுணக்கம், யாரோ தோளில் கை வைத்தது போல. பிறகு வண்டி, எந்த உதையும் இல்லாமல், பின்னால் ஊர்ந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தி மறுபடி போட்டாள். இந்த முறை சுணக்கம்கூட இல்லை.

"ஏறு," என்றாள். "ஆயில் சூடாகணும். சூடான பிறகுதான் அளவு சரியாத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமையின் காலித் தெருக்களில் அவள் வண்டியை மெதுவாக ஓட்டினாள். பாலத்தில் ஏறி இறங்கினாள். மார்க்கெட்டைச் சுற்றினாள். பூட்டிய தையல் கம்பெனி வாசலைத் தாண்டும்போது பக்கத்து சீட்டில் இருந்த நாத்தனார் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல் தொடங்கிச் சத்தமாக ஆனது. அவள் ரேடியோ இருந்த ஓட்டையைப் பார்த்தாள், வெப்பமானியைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள்.

"எனக்கே பொய் சொல்லியிருக்காரு அண்ணி. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் அவருக்காகப் பேசினேனே."

"அழுதுக்கோ. நான் ஓட்டறேன்."

"உங்களுக்கு அழுகையே வரலையா?"

அவள் உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். "வரல. வந்தா சொல்றேன்."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில்தான், வெளியே பார்த்தபடி கேட்டாள்: "அவரு வந்துடுவாருன்னுதான் நான் அங்க இருந்தேன். இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுல இருக்கறது? கம்பெனி பக்கத்துல லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாக்கட்டுமா?"

வண்டி மேட்டில் ஏறியது. கியர் தானாக ஒரு படி இறங்கி இழுத்தது. அவள் அந்தச் சத்தம் முடியும் வரை காதைக் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"பாதி ஆயில் இன்னும் பழசுதான் உள்ள இருக்கு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி தட்டை இறக்கணும். அதுக்கப்புறம் இன்னொரு தடவை. லைட்டுப் பிடிக்க ஆள் வேணும். ஹாஸ்டல்லருந்து வர ரெண்டு பஸ் மாறணும் உனக்கு."

இருவரும் வீட்டுக்கு வந்து, எஞ்சினை ஓடவிட்டபடியே அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இன்னும் அரை டம்ளர் ஊற்றச் சொன்னாள். நாத்தனார் ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தாமல்.

திங்கட்கிழமை காலை மில் வாசலில் அவளுக்கு முன்னால் நான்கு லாரிகள். முறை வந்தபோது லீவரை ரிவர்ஸில் வைத்தாள். வண்டி சுவர்களுக்கு நடுவே நேராகப் போய் மேடையில் மெல்ல முட்டி நின்றது. லோடு மேஸ்திரி தன் பேப்பரில் ஏதோ டிக் செய்தபடி தலையை நிமிர்த்தவில்லை. மூட்டைக்காரர்கள் மூட்டைகளைத் தூக்கத் தொடங்கினார்கள். மூட்டைகள் விழ விழ வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. சீட்டுக்கு அடியில் ஒவ்வொரு மூட்டையின் அதிர்வும் தெரிந்தது.

காலி வண்டி எதையும் நிரூபிக்காது என்று அவளுக்குத் தெரியும். மில்லைவிட்டு வெளியே ரோட்டுக்கு ஏறும் சரிவில்தான் தெரியும். அவள் முழு லோடோடு சரிவின் அடியில் நிறுத்தி, ரோடு காலியாகும் வரை காத்திருந்து, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தாள். பிளேட்டுகள் வழுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நிற்கும். எஞ்சின் கத்தவில்லை, வண்டி ஏறியது. முழங்கையில் நேற்றுச் சுட்ட இடம் ஸ்டியரிங்கில் பட்டபோது எரிந்தது. அவள் கையை விலக்கி வைத்துக்கொண்டாள். மேட்டின் உச்சியில் கியர் தானாக மாறியது. இண்டிகேட்டர் போட்டு வண்டியை ரோட்டில் சேர்த்தாள்.